நடுகல் இல்லாத வீரர்: ஜோ கேட்ஜென்ஸின் கால்பந்து வாழ்வு

வீரரைப் போற்றுவது தமிழ்ப் புறமரபின் உயிர்நாடி. களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் தேர்ந்து, அதனை நீராட்டி, அவன் பெயரையும் பெருமையையும் பொறித்து நட்டு, வாழ்த்தி வழிபடும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் படிப்படியாக வகுத்துக் காட்டுகின்றது. கல் நடுவதற்கு, அவ்வீரன் யாருக்காக நின்றான் என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் வீழ்ந்த செய்தியேனும் ஊர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் தெளிவாக வாய்க்காத ஒருவனுக்கு எந்த ஊர் கல் நடும்? எந்தப் புலவன் கையறுநிலை பாடுவான்?

இவ்வினாவை எழுப்பும் வாழ்க்கை ஒன்று கரீபியன் கடலின் நடுவே தொடங்கி, அங்கேயே இருளில் மறைந்தது. அது ஹைத்தி நாட்டுக் கால்பந்து வீரர் ஜோசப் எடுவார் கேட்ஜென்ஸின் வாழ்க்கை. ஜோ கேட்ஜென்ஸ் என்று உலகம் அவரை அறியும். 1950-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் இங்கிலாந்தை வீழ்த்திய ஒற்றைக் கோலை அடித்தவர் அவர். அந்தக் கோல் அமெரிக்காவின் கணக்கில் எழுதப்பட்டது. அடித்தவரோ அமெரிக்கக் குடிமகன் அல்லர். பதினான்கு ஆண்டுகள் கழிந்து அவர் தம் தாய்மண்ணிலேயே பிடித்துச் செல்லப்பட்டார். அதன் பின் அவர் உடலைக் கண்டவர் இல்லை.

பிறந்த மண்

ஹைத்தியின் வரலாறு தலைநிமிர்வும் தண்டனையும் பின்னிப் பிணைந்தது. 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். நெப்போலியன் அனுப்பிய படையை 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேர் போர்க்களத்தில் முறியடித்தனர். 1804 ஜனவரி முதல் நாளன்று கறுப்பின மக்களின் முதற் குடியரசு உலகில் தோன்றியது. ஆயினும் 1825-இல், தன் பழைய குடியேற்றத்தாருக்கு இழப்பீடாக 15 கோடி பிராங்கு தரவேண்டும் என்று பிரான்சு போர்க்கப்பல்களைக் காட்டி அந்நாட்டைப் பணிய வைத்தது. விடுதலை பெற்றவர்களே விடுதலைக்கு விலையும் செலுத்தினர். 1915-இல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைத்தியில் இறங்கினர். 1934 வரை நாடு அவர்கள் பிடியில் இருந்தது.

அந்த ஆக்கிரமிப்பு நிலவிய காலத்தில், 1924 மார்ச் 19 அன்று தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சில் பிறந்தவர் கேட்ஜென்ஸ். அமெரிக்கப் படை வெளியேறியபோது அவருக்கு வயது பத்து. அமெரிக்கச் சீருடை எதைக் குறிக்கும் என்பதை அந்நகரத்துச் சிறுவர்கள் எவரும் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. பின்னாளில் அதே நாட்டின் ஆட்டச்சட்டையை அணிந்து அவர் களத்தில் நின்றார் என்பது வரலாற்றின் வினோதங்களுள் ஒன்று.

செருமனியின் பிரேமன் நகரிலிருந்து ஹைத்திக்கு வந்து குடியேறிய வணிகர் ஒருவரின் வழித்தோன்றல் அவர். கலப்பினத்தைச் சேர்ந்த, வசதியும் கல்வியும் வாய்ந்த குடும்பம். ஆயினும் பந்து அவரை மேட்டுக்குடியின் முற்றத்தோடு நிற்க விடவில்லை. பதினான்கு வயதிலேயே எத்துவால் ஹைத்தியென் என்னும் கழகத்தில் சேர்ந்தார். 1942, 1944 ஆகிய ஆண்டுகளில் அக்கழகம் நாட்டின் வாகையர் பட்டத்தை வென்றபோது அவரும் அணியில் இருந்தார். ஆனால் அந்நாளைய ஹைத்தியில் கால்பந்து புகழ் தரும், சோறு தராது. எனவே அரசின் உதவித்தொகை பெற்று, 1947-இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பயிலச் சென்றார்.

பாத்திரம் கழுவிய கைகள்

உதவித்தொகை மட்டும் மாநகர வாழ்க்கைக்குப் போதவில்லை. ஹார்லெம் பகுதியில் ஸ்பானிய உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவும் வேலையை அவர் ஏற்றார். ஊரில் பணியாளர் சூழ வளர்ந்தவர், அயல்நாட்டில் எச்சில் தட்டுகளைக் கழுவ நேர்ந்தது. அந்த உணவகத்தின் உரிமையாளரே புரூக்ஹாட்டன் என்னும் கால்பந்துக் கழகத்துக்கும் உரிமையாளராக இருந்தார். சமையற்கட்டிலிருந்து ஆடுகளத்துக்கு வழி திறந்தது இவ்வாறுதான். ஓர் ஆட்டத்துக்கு 25 டாலர் அவருக்கு ஊதியமாகக் கிடைத்தது என்பர்.

அக்காலத்து அமெரிக்காவில் கால்பந்து, குடியேறிய தொழிலாளரின் ஆட்டமாகவே இருந்தது. அயர்லாந்தினர், ஸ்காட்லாந்தினர், போர்த்துக்கீசியர், இத்தாலியர் எனப் பல இனத்தாரும் வார நாள்களில் ஆலைகளிலும் கடைகளிலும் உழைத்து, ஞாயிறன்று களம் இறங்குவர். அத்தகைய அமெரிக்கக் கால்பந்துச் சங்கப் போட்டிகளில் 1949-50 பருவத்தில் 18 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார் கேட்ஜென்ஸ். பிரேசிலில் நிகழவிருந்த உலகக் கோப்பைக்கு அணி திரட்டியவர்களின் பார்வை அவர்மேல் விழுந்தது.

குடியுரிமை பெற விரும்புவதாக அறிவித்தாலே ஒருவர் அமெரிக்க அணியில் ஆடலாம் என்பது அன்றைய அமெரிக்கக் கால்பந்து அமைப்பின் விதி. கேட்ஜென்ஸ் அவ்வாறு அறிவித்தார். ஸ்காட்லாந்தினரான எட் மெக்கில்வெனியும் பெல்ஜியத்தவரான ஜோ மாக்காவும் இதே வழியில் அணிக்குள் வந்தவர்களே. பின்னர் எழுந்த கேள்விகளை ஆராய்ந்த உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு, இவர்கள் ஆடியதில் தவறில்லை என 1950 டிசம்பரில் முடிவு கூறியது. எனினும் கேட்ஜென்ஸ் தாம் அறிவித்த அந்தக் குடியுரிமையை இறுதிவரை பெறவேயில்லை.

பெலோ ஒரிசாந்தே, 1950 ஜூன் 29

அவ்வமெரிக்க அணியின் அமைப்பே ஒரு நாட்டுப்புறக் கதை போன்றது. கோல்காப்பாளர் பிராங்க் போர்கி, செயின்ட் லூயிஸ் நகரில் தம் குடும்பத்தாரின் ஈமச்சடங்கு நிலையத்துக்குச் சவ ஊர்தி ஓட்டியவர். வால்டர் பார், பிலடெல்பியாவில் பள்ளி ஆசிரியர். ஹாரி கியோ, அஞ்சல்காரர். பயிற்சியாளர் பில் ஜெஃப்ரி ஸ்காட்லாந்தில் பிறந்து பென்சில்வேனியாவில் கல்லூரி அணியைப் பயிற்றுவித்து வந்தவர். இவர்கள் அனைவரும் ஒன்றாகக் கூடிப் பயின்ற நாள்கள் மிகச் சிலவே.

எதிரணியாகிய இங்கிலாந்தோ, உலகக் கோப்பையில் அதுவே முதன்முறையாகக் கலந்துகொண்டது. அதற்கு முன்னைய போட்டிகளைத் தன் தகுதிக்குக் குறைவானவை என ஒதுக்கிய நாடு அது. பில்லி ரைட், ஆல்ஃப் ராம்சே, டாம் ஃபின்னி, வில்ஃப் மேனியன், ஸ்டான் மார்ட்டென்சன் ஆகிய பெருவீரர்கள் அணியில் இருந்தனர். இவ்வாட்டத்துக்குத் தேவையில்லை எனப் புகழ்பெற்ற ஸ்டான்லி மேத்யூஸ் வெளியே அமர்த்தப்பட்டார். முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து சிலி நாட்டை 2-0 என வென்றிருந்தது. அமெரிக்கா ஸ்பெயினிடம் 3-1 எனத் தோற்றிருந்தது. ஆனால் அந்தத் தோல்வியிலும் ஒரு குறிப்பு இருந்தது: ஆட்டம் முடிய ஏறத்தாழப் பத்து நிமிடம் இருக்கும்வரை அமெரிக்காவே முன்னிலையில் நின்றது. அக்குறிப்பை இங்கிலாந்து படிக்கவில்லை.

பெலோ ஒரிசாந்தே நகரத்து அரங்கில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் கூடியிருந்தனர். ஆட்டம் தொடங்கியது முதல் இங்கிலாந்து அலையலையாகத் தாக்கியது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. போர்கியின் கைகளில் சிக்கியது. குறுக்குச் சட்டத்துக்கு மேலே பறந்தது. முதற்பாதி முடிய எட்டு நிமிடங்கள் இருந்த நிலையில், ஏறக்குறைய 25 கெஜத் தொலைவிலிருந்து வால்டர் பார் கோலை நோக்கிப் பந்தை உதைத்தார். இங்கிலாந்துக் கோல்காப்பாளர் பெர்ட் வில்லியம்ஸ் அதனைப் பிடிக்கத் தம் வலப்புறம் நகர்ந்தார். அந்நேரம் வீரர் கூட்டத்தின் இடையே உடலைக் கிடையாக வீசிப் பாய்ந்தார் கேட்ஜென்ஸ். பந்து அவர் தலையில் பட்டுத் திசைமாறி, காப்பாளரின் மறுபுறமாக வலைக்குள் சென்றது.

எஞ்சிய ஐம்பது நிமிடங்களுக்கு மேலாக அந்த ஒற்றைக் கோலைக் காத்து நின்றது அமெரிக்க அணி. ஆட்டம் முடிந்ததும் பிரேசில் மக்கள் களத்துக்குள் ஓடிவந்து கேட்ஜென்ஸைத் தோளில் தூக்கிச் சென்றனர். மூன்று நாள் கழித்து இங்கிலாந்து ஸ்பெயினிடமும் தோற்று வெளியேறியது. அமெரிக்காவும் சிலியிடம் 5-2 எனத் தோற்று வெளியேறியது. அடுத்து உலகக் கோப்பையில் ஆட அந்நாட்டுக்கு 1990 வரை, நாற்பது ஆண்டுகள் ஆயின.

வியப்பு யாதெனில், வென்ற நாட்டில் இவ்வெற்றி பேசப்படவேயில்லை. செயின்ட் லூயிஸ் நாளிதழ் ஒன்றைச் சேர்ந்த டென்ட் மெக்ஸ்கிம்மிங் என்பவர் ஒருவரே அமெரிக்காவிலிருந்து அப்போட்டிக்குச் சென்ற செய்தியாளர். அவரும் விடுமுறை எடுத்துத் தம் சொந்தச் செலவில் சென்றவர். நாடு கேட்காத பாட்டுக்கு அவரே தனிச்சான்று.

தற்செயலா, திறமையா?

இக்கோலைப் பற்றிய வழக்கு அன்றே தொடங்கியது. பந்து எதிர்பாராது கேட்ஜென்ஸின் தலையில் பட்டுத் திரும்பியது, அவர் அதனைக் கருதி அடிக்கவில்லை என்பது இங்கிலாந்துத் தரப்பின் கூற்று. பந்தை உதைத்த வால்டர் பாரும் பிற தோழர்களும் இதனை ஏற்கவில்லை. மற்றவர் எட்டாது என விட்டுவிடும் பந்துக்கும் பாய்ந்து செல்பவர் கேட்ஜென்ஸ். இத்தகைய கோல்களை அவர் அடிப்பது புதிதன்று என அவர்கள் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தனர்.

வரலாற்று நோக்கில் இச்சான்றுகளை எடைபோடுதல் கடினமன்று. தோற்றவர்க்குத் தற்செயல் என்பது ஆறுதல். எனவே அவர்தம் கூற்றில் தன்னலச் சாயல் உண்டு. தோழரின் கூற்றில் அன்பின் சாயல் உண்டு. இரண்டையும் நீக்கிப் பார்த்தால் எஞ்சுவன இரண்டு செய்திகள். அந்தப் பருவத்தில் நியூயார்க்கில் அவர் அடித்த 18 கோல்கள் ஒன்று. பார் உதைத்த பந்தின் பாதையில் அவர் உடல் கிடையாகப் பாய்ந்திருந்தது என்பது மற்றொன்று. நின்றவன் தலையில் பந்து படுவது தற்செயலாகலாம். பாய்ந்தவன் தலையில் படுவதை அவ்வாறு கொள்ள இயலாது. பந்து எந்தக் கோணத்தில் திரும்பும் என அவர் நொடிப்பொழுதில் கணக்கிட்டாரா என்பதை எவரும் உறுதி கூற முடியாது. பந்துக்கும் தமக்கும் இடையே இருந்த தொலைவைக் கடக்கத் துணிந்தவர் அவர் ஒருவரே என்பது உறுதி.

இவ்வழக்கு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மனிதரின் வாழ்நாள் செயலை அவருடையது அன்று என்று சொல்லும் வழக்கம் எளியோர் வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்வது. வலியவன் வென்றால் திறமை. எளியவன் வென்றால் நல்லூழ் என எழுதப்படுகின்றது. அடிமைகள் போரிட்டு வென்ற நாட்டிலிருந்து வந்தவருக்கும் அதே தீர்ப்பே வழங்கப்பட்டது.

பாரிசும் தாயகமும்

உலகக் கோப்பைக்குப் பின் கேட்ஜென்ஸ் நியூயார்க்கில் தங்கவில்லை. பிரான்சு சென்று ராசிங் கிளப் டி பாரிஸ் கழகத்திலும், பின்னர்த் தெற்கே அலேஸ் நகரத்துக் கழகத்திலும் தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கினார். முன்னோர் இழப்பீடு செலுத்திய நாட்டில், ஹைத்தி மகன் தம் ஆட்டத்துக்கு ஊதியம் பெற்றார். ஆயினும் காயங்கள் அவர் வேகத்தைக் குறைத்தன. அங்கு அவர் ஆட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை.

1953 டிசம்பர் 27 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் மெக்சிகோவை எதிர்த்து முதலும் கடைசியுமாகத் தம் தாய்நாட்டுக்காக ஆடினார். ஹைத்தி 4-0 எனத் தோற்றது. அமெரிக்காவுக்காக மூன்று ஆட்டங்கள், ஒரு கோல். ஹைத்திக்காக ஓர் ஆட்டம், கோல் இல்லை. புள்ளிவிவரம் இவ்வளவே. அவர் யாருடைய வீரர் என்னும் வினாவுக்கு ஆட்டக் கணக்கு ஒரு விடையையும், அவர் கால்கள் திரும்பிய திசை வேறொரு விடையையும் தருகின்றன. அவர் தாயகத்தில் நிலைத்தார், மணம் புரிந்தார், மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையானார், தலைநகரில் உலர்சலவைத் தொழில் நடத்தினார், இளைஞர்களுக்குக் கால்பந்து கற்பித்தார்.

சாக்குப்பை மாமன்

1957 செப்டம்பரில் நடந்த தேர்தலில் மருத்துவர் பிரான்சுவா டுவாலியர் ஆட்சிக்கு வந்தார். 'பாப்பா டாக்' எனப்பட்ட அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் லூயி தெஜுவா. கேட்ஜென்ஸ் குடும்பத்தார் தெஜுவாவின் பக்கம் நின்றவர்கள். ஜோ அரசியலில் ஈடுபாடு கொண்டவர் அல்லர். ஆனால் அவர் தம்பியர் அண்டை நாடாகிய தொமினிக்கன் குடியரசில் தங்கி, டுவாலியர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற நாடுகடந்தோர் அணியில் சேர்ந்தனர்.

ஹைத்திப் பாட்டிமார் சொல்லும் கதைகளில் 'தொந்தொன் மக்கூட்' என்றொரு பாத்திரம் வரும். சாக்குப்பை மாமன் என்பது அதன் பொருள். சொல் கேளாத பிள்ளைகளை இரவில் பையில் போட்டுத் தூக்கிச் செல்பவன். நம் ஊர்ப் பிள்ளைபிடிப்பவனுக்கு அவன் உடன்பிறப்பு. டுவாலியர் அமைத்த அடியாள் படைக்கு மக்கள் இப்பெயரையே இட்டனர். குழந்தைகளை அச்சுறுத்திய கற்பனை, பெரியவர்கள் அஞ்சும் உண்மையாயிற்று. கவிதை கண்டறிய வேண்டிய உவமையை மக்களின் அச்சமே கண்டறிந்துவிட்டது.

1964 ஜூன் 14 அன்று நடந்த வாக்கெடுப்பின் வழியே டுவாலியர் வாழ்நாள் குடியரசுத் தலைவரானார். வாக்குச்சீட்டில் 'ஆம்' என்னும் சொல் முன்னரே அச்சிடப்பட்டிருந்தது. குடும்பத்தார் பலரும் நாட்டைவிட்டு வெளியேறினர். ஜோ வெளியேறவில்லை. தாம் பந்தாடியவர், அரசியலாளர் அல்லர். எனவே தமக்குத் தீங்கு நேராது என அவர் நம்பினார். 1964 ஜூலை 8 அன்று காலையில் தொந்தொன் மக்கூட் படையினர் அவரைப் பிடித்து, ஃபோர் திமான்ஷ் என்னும் சிறைக்குக் கொண்டு சென்றனர். 'ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை' என்பது அப்பெயரின் பொருள். நியூயார்க்கில் ஞாயிறுதோறும் களம் கண்டவருக்கு இறுதியாக வாய்த்த இடமும் ஞாயிற்றின் பெயரையே தாங்கியிருந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பது.

அந்த மாதத்திலேயே அவர் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. உடல் ஒப்படைக்கப்படவில்லை, கல்லறையும் இல்லை. அவர் கோலால் பெருமை பெற்ற நாட்டுக்கோ அவர் குடிமகன் அல்லர். குடிமகனாக இருந்த நாட்டுக்கோ அவர் பகைவரின் உடன்பிறப்பு. மனைவி கைம்மை நோன்பு கொள்வதா, காத்திருப்பதா என்பதே தெரியாத நிலை. இறந்தாரை ஒருநாள் அழுது ஆற்றலாம்; காணாமற்போனோரை ஒவ்வொரு நாளும் அழவேண்டும்.

1971-இல் டுவாலியர் படுக்கையில் இறந்தார். அவர் மகன் 1986 பிப்ரவரியில் நாட்டைவிட்டு ஓடும்வரை அக்குடும்ப ஆட்சி நீடித்தது.

கல்லும் சொல்லும்

1976-இல் அமெரிக்கத் தேசியக் கால்பந்துப் புகழ் மன்றம் கேட்ஜென்ஸின் பெயரை ஏற்றது. 2005-இல் அந்த ஆட்டத்தைப் பற்றிய திரைப்படம் ஒன்று வெளிவந்தது. அதில் கேட்ஜென்ஸ் வூடு வழிபாட்டினராகக் காட்டப்பட்டார். குடும்பத்தார் இதனை மறுத்தனர், அவர்கள் கத்தோலிக்கர். ஹைத்தியர் என்றாலே மந்திரம் என்னும் பழைய எண்ணம், உடல் கிடைக்காத ஒருவரின் மீது வேறோர் உடலைப் போர்த்தியது. 2010-இல் அவர் மகன் லெஸ்லி கேட்ஜென்ஸ் தம் தந்தையின் வரலாற்றை நூலாக எழுதினார். தந்தைக்கு மகன் நட்ட கல் அந்நூல் எனலாம். அன்று பந்தை உதைத்த வால்டர் பார், அந்தப் பதினொருவரில் கடைசியாக எஞ்சியிருந்து, 2018-இல் மறைந்தார்.

ஹைத்தி 1974-இல் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியது. அப்போட்டியில் எமானுவேல் சனோன், நெடுங்காலம் கோல் விடாதிருந்த இத்தாலியக் காப்பாளர் டினோ சாஃபைக் கடந்து கோல் அடித்தார். அதன் பின் 2025 நவம்பர் 18 அன்று, வெர்த்தியேர் வெற்றியின் நினைவுநாளில், ஹைத்தி மீண்டும் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. உள்நாட்டு வன்முறையால் தன் மண்ணில் ஆட இயலாது, குரசாவ் தீவையே தன் களமாகக் கொண்டு அத்தகுதியை அது வென்றது. கேட்ஜென்ஸ் தம் நாட்டுக்காக எட்ட முயன்று தோற்ற இடம் அதுவே.

கேட்ஜென்ஸுக்குக் கல் நட வேண்டுமாயின் அதில் எதைப் பொறிப்பது? வீழ்ந்த இடம் தெரியும். நாளும் முறையும் தெரியாது. நின்ற அணி தெரியும். அது அவர் நாடன்று. புனைந்துரையால் இவ்விடைவெளியை நிரப்புவது எளிது. திரைப்படம் அதனைத்தான் செய்தது. அதனைச் செய்யாமல் விடுவதே அவருக்குச் செய்யத்தக்க மரியாதை. பிறந்த நாள், பாத்திரம் கழுவிய தெரு, பாய்ந்த நிமிடம், பிடிபட்ட காலை என உறுதியாகத் தெரிந்தவற்றைப் பொறித்து, தெரியாதவற்றின் இடத்தை வெறுமையாகவே விட வேண்டும். அந்த வெற்றிடமும் கல்வெட்டின் ஒரு பகுதியே. அதனை உண்டாக்கியவர் யார் என்பதைப் படிப்பவர் அறிவர்.